மூச்சை அடக்காதீர்கள்: ராமநாதபுரம் கடலில் ஒரு நாள்

கேள்வி இதுதான்: சென்னையில் வருடம் முழுக்க ஓடிக் களைத்த கணவன் மனைவி, இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது, நீச்சல் அரைகுறை. பிப்ரவரி வாக்கில் ராமேஸ்வரம் பக்கம் ஒரே ஒரு நாள் ஒதுக்கி, ஸ்கூபா (சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குவது) போய், டால்பின், ஆமை, கடல்பசு எல்லாம் பார்த்து மனசைக் கொஞ்சம் ஆற்றிக்கொண்டு வர முடியுமா, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் அந்தப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டு வாருங்கள். இங்கே வந்து ஏமாந்து போகிறவர்கள் எல்லோரும் பட்டியலோடு வந்தவர்கள்தான். காலையில் ஸ்கூபா, பத்து மணிக்கு டால்பின், மதியம் தனுஷ்கோடி, சாயங்காலம் கோயில், ராத்திரி ரயில் என்று வந்தால் அதுவும் ஒரு ஆபீஸ் நாள்தான், கொஞ்சம் உப்பு ஒட்டியிருக்கும், அவ்வளவே. ஒரே ஒரு முறை, ஆழமில்லாத இடத்தில், அவசரமில்லாமல் இறங்குங்கள். மிச்ச நாளைச் சும்மா விட்டுவிடுங்கள். நான் மண்டபத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன், பத்து வருடத்துக்கு மேலாக இந்தக் கடலில் முங்குகிறேன், நடுவில் சில வருடம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் வேலையும் பார்த்தேன். அந்தத் தைரியத்தில் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கடல் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் எங்களுக்கு இரண்டு இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடி பக்கம் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள், ஒன்று குளம் மாதிரி கிடக்கும், இன்னொன்று கரையை அறைந்துகொண்டிருக்கும். ஆனால் இது வருடம் முழுக்க உண்மை இல்லை. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில், தோராயமாக அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, பெண்கடல்தான் கொந்தளிக்கும். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை கச்சானும் சோழகமும் (மேற்குக் காற்றும் தெற்குக் காற்றும்) மாறி மாறி அடித்துத் தென்கடலைக் கலக்கிவிடும். இரண்டும் ஓரளவு அடங்கி இருப்பது பிப்ரவரி, மார்ச், ஏப்ரலின் முன்பாதி. அதனால் நீங்கள் சொன்ன பிப்ரவரி நல்ல தேர்வு, ஆனாலும் மாத நடுவுக்கு மேல் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, வாடை சில வருடம் சீக்கிரம் விடாது.

மாதம் மட்டும் பார்த்தால் போதாது, திதியும் பாருங்கள். சிரிக்காதீர்கள், சோதிடம் சொல்லவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், அதனால் நீவாடும் வேகமாக ஓடும் (கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தை இங்கே நீவாடு என்போம்), அது அடியிலுள்ள சகதியைக் கிளப்பித் தண்ணீரைக் கலங்கலாக்கிவிடும். அட்டமி, நவமி வாக்கில்தான் நீவாடு தளர்ந்து தெளிவு கிடைக்கும். ஊர் முழுக்க எந்த நல்ல காரியத்துக்கும் ஆகாது என்று ஒதுக்கும் இரண்டு நாட்கள், முங்குகிறவனுக்கு மட்டும் முகூர்த்த நாட்கள். தை அமாவாசையைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு, அன்றைக்கு ராமேஸ்வரத்தில் தங்க இடமும் கிடைக்காது, நிற்க இடமும் கிடைக்காது.

தெளிவு என்றவுடன் அந்தமான் படங்களை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். அங்கே கண்ணாடி மாதிரித் தண்ணீர். இங்கே நல்ல நாளில் ஐந்தாறு மீட்டர் தெரிந்தால் நாங்கள் சந்தோஷப்படுவோம், மோசமான நாளில் நீட்டிய கையே மங்கலாகத் தெரியும். இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூரம் தெரியாதபோது கண் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது.

எங்கே இறங்குவது? ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றியுள்ள கடல் 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, 1989-இல் அதையும் சேர்த்துப் பத்தாயிரத்து ஐந்நூறு சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. தீவுகளுக்குள்ளும் அவற்றை ஒட்டியும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, முங்கவும் கூடாது. "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சார், யாருக்கும் தெரியாது" என்று ஒருவர் சொன்னால் அவரோடு போகாதீர்கள். சட்டத்தைப் பார்த்துக்கொள்கிற லட்சணம் இதுவென்றால் சிலிண்டரையும் அப்படித்தான் பார்த்துக்கொள்வார். ஸ்கூபா கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம், பூங்கா எல்லைக்கு வெளியே இறக்குவார்கள். சிலிண்டர் வேண்டாம், மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு மேலாக மிதந்தால் போதும் என்றால் பிரப்பன்வலசையும் தொண்டிக்குப் பக்கத்துக் காரங்காடும் நல்ல இடங்கள். காரங்காட்டில் ஊர்க்காரர்களே வனத்துறையோடு சேர்ந்து நடத்துகிறார்கள், அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகிலும் போகலாம்.

ஆள் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். பயிற்சியாளரிடம் சான்றிதழ் அட்டை இருக்கிறதா என்று கேட்பது ஒன்று, பேடி அல்லது எஸ்எஸ்ஐ என்ற ஸ்கூபா பயிற்சி நிறுவனங்களின் அட்டையாக இருக்கலாம் (பேடி என்று தமிழில் எழுதினால் அர்த்தம் விபரீதமாகிறது, என்ன செய்ய, நிறுவனத்தின் பெயரே அதுதான்). ஆனால் அதைவிட முக்கியம், அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பது. ஆஸ்துமா உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இப்போது சளி இருக்கிறதா, கர்ப்பமா என்று ஒரு படிவம் நீட்டாமல் நேரே "டிரஸ் மாத்திட்டு வாங்க" என்கிறவரிடம் பணம் கொடுத்திருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். முதல் முறை என்றால் ஒருவருக்கு ஒருவர், மிஞ்சிப்போனால் இரண்டு பேர்.

சளி விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். ஆரம்பகாலத்தில் மூக்கடைப்போடு இறங்கினேன், லேசான சளிதானே என்று. கூட்டிப்போனவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு பாகம் இறங்கியதும் புருவத்துக்கு நடுவில் ஆணி அடிப்பது போல வலி, அப்புறம் மாஸ்க்குக்குள் கருப்பாக ஏதோ மிதந்தது. மேலே வந்ததும்தான் அது கருப்பு இல்லை, சிவப்பு என்று தெரிந்தது. தண்ணீர் முதலில் விழுங்குகிற நிறம் சிவப்புதான், சில மீட்டர் ஆழத்திலேயே அது செத்துப்போய்விடும், உங்கள் ரத்தமே உங்களுக்கு வேறு நிறமாகத் தெரியும். பத்து நாள் காது அடைத்துக் கிடந்தேன்.

பாகம் என்றேன் அல்லவா, இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை உள்ள நீளம், ஆறடி வரும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, ஏற்றும்போது கைவிரித்து அளப்பதால் வந்த கணக்கு. பாக் விரிகுடா பெரும்பாலான இடங்களில் ஏழு பாகத்தைத் தாண்டாது. முதல் முறை வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று பாகமே தாராளம். உலக அளவில் அறிமுக முங்கலுக்கு 12 மீட்டர்தான் எல்லை, இங்கே அந்த எல்லையைத் தொடுவதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது, வெளிச்சமும் நிறமும் மேலேதான் இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம், மூச்சு. என் தாய்மாமா கீழக்கரையில் சங்கு குளித்தவர். சிலிண்டர் கிடையாது, துடுப்புக் காலுறை கிடையாது, ஒரு கண்ணாடி, இடுப்பில் ஒரு வலைப்பை, ஆறு பாகம் இறங்கி மணலில் புதைந்த சங்கைத் தடவி எடுத்துக்கொண்டு வருவார். அவருக்குத் தொழிலே மூச்சை அடக்குவதுதான். நான் ஸ்கூபா கற்றுக்கொண்டேன் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னபோது, "அடக்கக் கூடாதுன்னா அது என்னடா முங்குறது" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அவர் மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறார், பத்து மீட்டரில் உடம்பின் மேல் உள்ள அழுத்தம் இரட்டிப்பாகிறது, நெஞ்சுக்குள்ளிருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது, ஏறும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது, கணக்கு சரி. நீங்களோ அந்த ஆழத்திலேயே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுக்கிறீர்கள். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் தாங்காது. ஒன்றரை மீட்டர் ஏறினாலே போதும், காயம் ஆகிவிடலாம். அதனால்தான் ஸ்கூபாவில் முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றே: எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்காதே, பயந்தாலும் அடக்காதே, வியந்தாலும் அடக்காதே. (சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் வடிகட்டி அமுக்கி அடைத்திருப்பார்கள். வாயில் வைத்து இழுக்கும்போது எண்ணெய் வாடையோ டீசல் வாடையோ வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.)

நீங்கள் கேட்ட ஓய்வு இந்த மூச்சில்தான் இருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் உங்களுக்குப் பிடிக்காது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாயால் மட்டும் மூச்சு விடுவது அந்நியமாக இருக்கும், நெஞ்சு படபடக்கும், மூக்கு மாட்டிக்கொண்ட உணர்வு வரும். காது அடைக்கும், வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி அதைத் திறந்துவிட வேண்டும், ஒவ்வொரு மூன்றடிக்கும் ஒரு முறை. திறக்கவில்லை என்றால் கொஞ்சம் ஏறித் திரும்ப முயல வேண்டும், முக்கி ஊதக் கூடாது. அப்புறம், எப்போது என்று தெரியாமல், ஒரு கட்டத்தில் இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாகிவிடும். குமிழி மேலே போகும் சத்தம், அதற்கடுத்த அமைதி, மறுபடி இழுக்கும் சத்தம். வேறு எதுவும் உங்கள் தலைக்குள் நுழைய இடம் இருக்காது. நான் கூட்டிப்போன ஒரு வங்கி மேலாளர் மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார், வாந்தி வருகிறதா என்று கேட்டேன். "இல்ல தம்பி, கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேக்காம இருந்துச்சு" என்றார்.

இனி என்ன பார்க்கலாம் என்பதற்கு வருகிறேன். என்னைக் கேட்டால் பவளப்பாறையை இரண்டாவதாக வைத்துக்கொண்டு முதலில் கடல்புல்லைப் பாருங்கள். மீனவர்கள் இதைத் தாழை என்பார்கள். பாசி வேறு, இது வேறு, இது உண்மையிலேயே வேர், இலை, பூ எல்லாம் உள்ள செடி, கரையிலிருந்து கடலுக்குள் இறங்கிப்போன குடும்பம். மேலோட்டமாகப் பார்த்தால் வயல்தான், நாற்று நட்டு ஒரு மாதமான வயல் காற்றில் சாய்வது போல நீவாட்டில் மொத்தமாக ஒரு பக்கம் சாயும், நிமிரும். நீந்திக்கொண்டே போனால் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. நில்லுங்கள். கைகளைக் கட்டிக்கொண்டு, காலை ஆட்டாமல், ஒரு சதுர அடியை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள்.

முதலில் இலைகளின் மேல் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி ஒட்டியிருப்பவை தெரியும், அவை எல்லாம் உயிர்கள். அப்புறம் ஒரு இலை மற்ற இலைகளோடு சேர்ந்து ஆடாமல் ஒரு நொடி பிந்தி ஆடும். அது இலை இல்லை, வாலால் ஒரு தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கும் கடல்குதிரை. விரல் நீளம்தான் இருக்கும். முதுகில் இருக்கும் சின்னத் துடுப்பு கண்ணுக்கே பிடிபடாத வேகத்தில் துடிக்கும், உடம்பு மட்டும் அசையாது. ஒரு கண் உங்களைப் பார்க்கும், இன்னொரு கண் அதே நேரத்தில் வேறு பக்கம் இரையைத் தேடும். வயிறு உப்பியிருந்தால் அது ஆண், பெண் இட்டுக் கொடுத்த முட்டைகளைத் தன் பையில் சுமப்பது அவன்தான். ஒரு முறை அப்படி ஒன்றைப் பார்த்தபடி நான் கிடந்த நேரத்தில் ஓரா மீன் கூட்டம் ஒன்று என் தோளுக்கு மேலே வந்து, என்னை ஒரு கல்லாக நினைத்து, பக்கத்திலேயே புல்லைக் கொறிக்க ஆரம்பித்துவிட்டது. கொறிக்கும் சத்தம் கேட்டது, வெற்றிலை பாக்கு மெல்லும் சத்தம் மாதிரி.

தொடாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். கடல்குதிரை, கடல் அட்டை, பவளம் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கையில் எடுத்துப் படம் பிடிக்கத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், வாங்காதீர்கள். உங்களுக்கே ஆபத்தானவையும் உண்டு. திருக்கை மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு படுத்திருக்கும், ஆழமில்லாத இடத்தில் நடக்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடங்கள், அது விலகிப் போய்விடும். சொறிமுட்டை (ஜெல்லிமீன்) மிதந்து வரும் நாட்களில் முழுக்கை உடுப்பு இல்லாமல் இறங்காதீர்கள். அந்த முழுக்கை உடுப்பு இருந்தால் வெயிலுக்குப் பூசும் கிரீமும் அதிகம் தேவைப்படாது, அவற்றில் சிலவற்றில் இருக்கும் ரசாயனம் பவளத்துக்கு ஆகாது.

பவளப்பாறை பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கல்பவளங்கள் பதிவாகியிருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் இது பட்டு நொந்த பாறை. பல தலைமுறைகளாகப் பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பயன்படுத்தினார்கள், தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் மாதா கோயில் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், கல்லில் பூப்பூவாகத் தெரிவது பவளம்தான். அப்படி வெட்டியதில் கடலை மறிக்க ஆளில்லாமல் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்கு அடியிலேயே போய்விட்டன. வெட்டுவது நின்ற பிறகு சூடு வந்தது. கோடையில் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால் பவளம் தனக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகும், நிறமும் சோறும் அந்தப் பாசியால்தான் வருகிறது. 2010-லும் 2016-லும் மோசமாக வெளுத்தது, 2024-லும் வெளுத்தது. ஏப்ரல் கடைசிக்கு மேல் வராதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், வெள்ளை எலும்புக்கூடு மாதிரி நிற்பதைப் பார்த்துவிட்டு யாருக்கும் மனசு ஆறாது. பிப்ரவரியில் அப்படி இருக்காது. மான்கொம்பு மாதிரி ஒன்று, மூளை மாதிரி ஒன்று, அதன் இடுக்கில் ஒரு களவா மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டு, கிளிமீன் தன் அலகால் பாறையைச் சுரண்டிக்கொண்டு. போதுமான அளவு கிடைக்கும்.

ஆமையும் ஓங்கிலும் உங்கள் அதிர்ஷ்டம். (டால்பினுக்கு ஓங்கில் என்று நல்ல பெயர் இருக்கும்போது நாங்களே இப்போது டால்பின் என்றுதான் சொல்கிறோம்.) ஓங்கிலைத் தண்ணீருக்கு அடியில் பார்க்க ஆசைப்படாதீர்கள், படகில் போகும்போது அதிகாலையில், காற்று எழுவதற்கு முன், முதுகு மட்டும் வளைந்து வளைந்து தெரியும். ஒரு முறை நான் ஏறிய படகின் ஓட்டுநர், வந்தவர்கள் காசு கொடுத்திருக்கிறார்களே என்று கூட்டத்தின் நடுவில் முழு வேகத்தில் விட்டார், கூட்டத்தில் குட்டி ஒன்று இருந்தது. இரண்டே நிமிடம், ஒன்றும் மிச்சமில்லை. நீங்கள் ஏறும்போதே "அண்ணே, தெரிஞ்சா இன்ஜினை அணைச்சிருங்க" என்று சொல்லிவிடுங்கள். அணைத்தால் பல நேரம் அவையே கிட்டே வரும், மூச்சு விடும் 'புஸ்' சத்தம் கேட்கும் தூரத்துக்கு.

ஆமைகளில் பேராமை கடல்புல் மேய வரும், அழுங்காமை பாறைப் பக்கம் திரியும், பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். பெயரிலேயே காலம் இருக்கிறது, ஆனால் தை மாசியிலேயே ஏற ஆரம்பித்துவிடும். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை அந்த முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது, ஏழு வாரம் வாக்கில் குஞ்சு பொரிக்கும், அதிகாலையில் கடலில் விடுவார்கள். நீங்கள் வரும் நாளில் விடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் ஸ்கூபாவையே மறந்துவிடுவீர்கள்.

கடல்பசு, எங்கள் வழக்கில் ஆவுளியா. இருக்கிறது, ஆனால் இந்தியா முழுக்கச் சேர்த்தாலே சில நூறுதான். தினமும் முப்பது நாற்பது கிலோ கடல்புல் மேயும், ஆளைக் கண்டால் ஒதுங்கும், குட்டி போடச் சில வருடங்கள் எடுத்துக்கொள்ளும். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் அதற்கென்றே 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தார்கள். வலையில் மாட்டியதை உயிரோடு விடும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. இத்தனை வருடத்தில் நான் தண்ணீருக்குள் நேராகப் பார்த்ததில்லை. அது மேய்ந்த தடத்தைப் பார்த்திருக்கிறேன்: அடர்ந்த தாழைக்கு நடுவே ஏர் உழுத மாதிரி ஒரு கோடு, வேரோடு பிடுங்கிய மண் இன்னும் அடங்காமல் மிதந்துகொண்டிருந்தது. எனக்கு அதுவே சிலிர்த்துவிட்டது.

நீச்சல் அரைகுறை என்றீர்கள். அறிமுக முங்கலுக்கு நீச்சல் தெரியாதவர்களையும் கூட்டிப்போகிறார்கள், பயிற்சியாளர் உங்களைப் பிடித்துக்கொண்டே வருவார். ஆனாலும் கிளம்புவதற்கு முன் சென்னையில் ஏதாவது ஒரு நீச்சல் குளத்தில் நாலைந்து நாள் போய், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து வாயால் மூச்சு விடப் பழகிக்கொண்டு வாருங்கள். மாஸ்க் போட்டும் பழகுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் படகில் ஏறும்போதே தெரிந்துவிடும். இன்னொன்று, உங்கள் இருவரில் ஒருவருக்குப் பயமாக இருந்தால் மற்றவர் வற்புறுத்தாதீர்கள். மேலே மிதந்து பார்த்தாலும் கடல்புல் அதே கடல்புல்தான்.

காலையில் ஏழு மணிக்குப் படகேறுவது போல வைத்துக்கொள்ளுங்கள், பதினொரு மணிக்கு மேல் பெரும்பாலும் காற்று எழுந்துவிடும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், பூரி கிழங்கும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். முந்தின ராத்திரி மது கூடவே கூடாது. குமட்டல் உள்ளவர்கள் மாத்திரை போடுவதென்றால் டாக்டரிடம் ஸ்கூபா போகிறேன் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள், அவற்றில் பல தூக்கத்தைக் கொண்டுவரும், தண்ணீருக்கு அடியில் தூக்கம் நல்லதில்லை.

திரும்பும் பயணத்தில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். முங்கிய அன்றே மதுரை போய் ராத்திரி விமானம் ஏறாதீர்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், ஒரு முறை முங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18. விமானம் இல்லையே என்று காரை எடுத்துக்கொண்டு நேரே கொடைக்கானல் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள், சுற்றுலா ஆட்களே அப்படித் திட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் மலையும் உடம்புக்கு விமானம் மாதிரிதான். ரயிலில் சென்னை திரும்புவதில் ஒரு சிக்கலும் இல்லை.

மதியத்துக்கு மேல் என்ன செய்வது? தூங்குங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன், முங்கிய பிறகு வரும் அந்த அசதி வேறு மாதிரி, குழந்தையில் திருவிழா பார்த்துவிட்டு வந்து படுப்போமே, அந்தத் தூக்கம். விளமீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நாலு மணிக்குத்தான் விழிப்பு வரும். எழுந்து தெம்பிருந்தால் கோதண்டராமர் கோயில் போகும் வழியில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர்ப் பக்கம் போங்கள், பிப்ரவரியில் பூநாரைகள் நிற்கும். கிட்டே போகாமல் சாலையோரமே நின்று பாருங்கள். மறுநாளும் இருப்பதாக இருந்தால் குந்துகாலிலிருந்து வனத்துறை குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது, காற்றைப் பொறுத்து. விவேகானந்தர் 1897-இல் வந்து இறங்கிய இடமும் அந்தக் குந்துகால்தான். அந்தப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுப்பதைப் பார்க்கலாம். முங்கி எழுந்து முங்கி எழுந்து மணிக்கணக்காக எடுப்பார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், வேலை செய்கிறார்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள், அந்த வாரக் காற்று எப்படி என்று படகுக்காரர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். கிளம்பும் நாளில் யாருக்காவது மூக்கு ஒழுகினால் டிக்கெட்டை மாற்றிவிடுங்கள், அடுத்த அட்டமி பதினைந்து நாளில் வந்துவிடும்.